ஒரு சாண் குறைந்த ஏணி

மழை பிடிப்பதற்குள் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றியாக வேண்டும். அதற்கென்றே தச்சர் நேற்று புது ஏணி ஒன்று செய்து வைத்திருந்தார். காலையில் அதைச் சுவரில் சாய்த்து ஏறினார். கடைசிப் படியில் நின்று எக்கியும் கை ஓட்டைத் தொடவில்லை. ஒரு சாண் குறைந்தது.

"என் அளவு தப்பவே தப்பாதே!" என்று முணுமுணுத்தபடி இறங்கினார்.

"வயசாகுதுல்ல? கண்ணு முன்ன மாதிரியா இருக்கும்?" என்றாள் மனைவி. "பேசாம மாப்பிள்ளையை ஏறச் சொல்லுங்க. அவர்தான் நல்லா வளத்தியா இருக்காரே."

"ஊருக்கெல்லாம் கதவு ஜன்னல் செஞ்சு குடுத்துட்டு, சொந்த வீட்டு ஏணியில கோட்டை விட்டுட்டேனே!"

மாப்பிள்ளை ஏறினார். அவருக்குக் கை தாராளமாக எட்டியது. வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தது.

தச்சர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். மனைவி காபிக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். அடுப்பில் இரண்டு கட்டைகள் அப்போதுதான் பற்றத் தொடங்கியிருந்தன. விறகை யாராவது வழவழவென்று இழைத்து எரிப்பார்களா? குனிந்து பார்த்தார். இரண்டும் சொல்லி வைத்தாற்போல் ஒரு சாண் நீளம்.

நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"என் ரம்பத்தைத் துடைச்சாவது வச்சியா?"

"எண்ணெயே போட்டு வச்சிருக்கேன்," என்றாள் அவள், திரும்பாமலே. "போன மழைக்கு இதே கூரையிலேருந்து விழுந்தீங்களே, அப்ப உங்க இடுப்புக்கு வாங்கினதுல பாதி மிச்சமிருந்துச்சு."