சிறுவாசல்

“சின்னக் கதவு வைக்க மாட்டேன் சார்.”

மருந்துக் கடைக்காரி இதைச் சொல்வது நாலாவது தடவை. நகரமைப்பு அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. பொறுமை அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிடும் போலிருந்தது.

“ஏம்மா, பழைய தெருவுல வீடு கட்டுறவங்களுக்கு என்ன விதின்னு புத்தகமே போட்டுக் கொடுத்திருக்கோம். கூரைக்கு ஓடு போட்டிருக்கீங்க, சரி. ஜன்னலுக்கு மரக்கதவு போட்டிருக்கீங்க, சரி. பெரிய வாசலை ஒட்டி நாலடி உயரத்துல ஒரு சின்ன வாசல். அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

“அது வேண்டாம் சார்.”

“அப்போ காரணத்தை எழுதிக் கொடுங்க. நியாயமா இருந்தா விதியைத் தளர்த்த எனக்கு அதிகாரம் இருக்கு.”

“காரணம் எழுத மாட்டேன்.”

“அப்படின்னா பிளான் திரும்பிடும். இந்த மனையில வீடு எழும்பாது.”

அவள் முகம் வாடிப்போயிற்று. ஆனாலும் இறங்கி வரவில்லை. சுவரோர நாற்காலியில் அவளுடைய அம்மா, பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாவுக்காகத்தான் வீடு. கண் மூடுவதற்குள் சொந்த வீட்டில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று மகள் இந்த அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறாள்.

கையில் நாலு காசு வந்ததும் பழசெல்லாம் இளப்பமாகிவிடுகிறது என்று அதிகாரி நினைத்துக்கொண்டார். அந்தப் புத்தகம் அவர் எழுதியது. மூன்று வருடம் டேப்பும் கையுமாக அலைந்து, ஒவ்வொரு கதவாக அளந்து எழுதியது. முன்னுரையில் ஒரு வரி வரும். ‘விடியற்காலையில் சிறுவாசலின் தாழ் திறக்கும் சத்தம் கேட்டுத்தான் எங்கள் ஊர் கண் விழிக்கும்.’ அந்த வரியை அவர் மனைவியே பாராட்டியிருக்கிறாள். அது லேசில் நடக்கிற காரியமில்லை.

“சரி, எங்க வீடு அடுத்த தெருதான். ஒரு தடவை கண்ணால பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க” என்று எழுந்தார்.

“நான் இங்கேயே இருக்கேனே” என்றாள் அம்மா.

“நீங்களும் வாங்கம்மா. நீங்க பார்த்தா பொண்ணுக்கு எடுத்துச் சொல்லுவீங்க.”

தன் வீட்டுச் சிறுவாசலுக்கு முன்னால் நின்று கடைக்காரிக்கு விளக்க ஆரம்பித்தார்.

“எங்க தாத்தா காலத்துக் கதவும்மா. வெளியிலிருந்து இதைத் திறக்கிறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. எங்க வீட்டு ஆளுங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. என்ன பண்ணணும்னா...”

டக்கென்று தாழ் திறந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா கதவைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்து, இடுக்கில் இரண்டு விரலை விட்டுத் தாழை நெம்பியிருந்தாள். நிலையில் தலை இடிக்காமல், சரியான அளவுக்குக் குனிந்து உள்ளே போனவள், இடது பக்க மூலையில் எதையோ தேடினாள்.

“வாளியும் துடைப்பமும் இங்கதானே இருக்கும்” என்றாள் தனக்குத்தானே.

அதிகாரி அந்தத் தாழையே பார்த்தார். சின்ன வயதில் தினமும் கேட்ட சத்தம். கேட்டதும் போர்வையை இழுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூங்குவார். திறப்பது யார் என்று ஒருநாளும் எழுந்து போய்ப் பார்த்ததில்லை. கொல்லைப்புறத்துக் கழிவறையைக் கழுவ வருகிறவளுக்காகத்தான் அந்த நாலடி என்பது, டேப் பிடித்து அளந்தபோதும் அவருக்குத் தோன்றவில்லை.

“முப்பது வருஷம் சார்” என்றாள் மகள். “இந்தத் தெருவுல மட்டும் பதினோரு வீடு. ஒரு வீட்டுலகூட அம்மா பெரிய வாசல்ல ஏறினது கிடையாது.”

அவர் அவசர அவசரமாகப் பெரிய வாசலைத் திறந்தார்.

“அம்மா, இந்தப் பக்கமா வாங்க.”

“இருக்கட்டும் தம்பி, எனக்கு இதுதான் பழக்கம்” என்று அவள் குனிந்தே வெளியே வந்தாள்.

அவருக்குக் கூசியது. மகளைப் பார்த்து, “காரணத்தை நீங்க எழுத வேண்டாம்மா, நானே எழுதிக்கிறேன்” என்றார். “முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாமே?”

“உங்க புத்தகத்தை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன் சார். தாழ் திறக்கிற சத்தம்னு ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அதைக் கேட்டதும் அம்மாதான் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. ‘அந்தப் பிள்ளை ஆசை ஆசையா எழுதியிருக்கு, தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்’னு.”