அரைச் சுற்று

“மறுபடியும் நின்னுபோச்சா? இதை வண்டின்னு சொல்ல உனக்கே வெக்கமா இல்லையாம்மா?”

ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த பெண் கடை வாசலில் மூச்சு வாங்க நின்றாள்.

“காலையில சாவியைத் திருப்பினா சத்தமே இல்லைங்க ஐயா.”

“நடு ரோட்டுல நின்னுச்சா?”

“இல்லைங்க. ரோட்டுல ஒரு நாளும் நிக்கல. வீட்டு வாசல்லதான் மக்கர் பண்ணுது.”

“ம்” என்றார் மெக்கானிக். “அதுகிட்ட உக்காந்து பேசிப் பாக்கறதுதானே? அதானே உன் பொழப்பு?”

அவள் சிரித்தாள். அவள் உளவியல் ஆலோசகர். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. பேச்சுதான் வைத்தியம். பேசுவதற்கு ஒரு படிப்பா, அதற்கு ஒரு போர்டா என்பது மெக்கானிக்கின் கட்சி.

மனைவி இறந்த பிறகு அவர் கடையைத் திறக்கவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு இருட்டுக்குள் உட்கார்ந்திருப்பார். ஒரு வேளைச் சாப்பாடு, கோழித் தூக்கம். மருமகள்தான் கெஞ்சிக் கூத்தாடி இவளுடைய அறைக்கு அழைத்துப் போனாள். மெத்தை நாற்காலியில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தவர், “என் வாயை எவனாலும் தொறக்க முடியாது” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மறுநாளே ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து, மூடிக் கிடந்த ஷட்டரைத் தட்டினாள். அன்றிலிருந்து வாரா வாரம் வண்டி நிற்கிறது. வாரா வாரம் அவளும் வருகிறாள்.

“நேத்து தூங்கினீங்களா?”

“தூங்கினேன்.”

“எப்ப முழிப்பு வந்துச்சு?”

“காக்கா எந்திரிச்சப்ப. காக்காவையும் கூப்பிட்டு விசாரிப்பியா?”

“சாப்பாடு?”

“ரெண்டு வேளை. என் மருமக சொல்லியிருப்பாளே, உளவுக்காரி.”

“முட்டி வலி?”

“ஏம்மா, மனசைப் பாக்கறேன்னு வந்துட்டு முட்டியை ஏன் பாக்கற?”

“முட்டி வலிச்சா தூக்கம் வராது. தூக்கம் இல்லேன்னா சாப்பாடு இறங்காது. அப்புறம் மனசு மட்டும் எப்படி ஐயா நல்லா இருக்கும்? வண்டி நின்னா நீங்க ப்ளக்கை மட்டுமா பாக்கறீங்க?”

மெக்கானிக் குனிந்து ஸ்பானரை எடுத்தார்.

“முந்தாநாள் உன் ஆபீஸ் பக்கமா ஒரு வேலையாப் போனேன். ஒரு போலீஸ்காரன்கூட மாடிப்படி ஏறி ஏறி இறங்கற. அப்புறம் பாத்தா, ஒருத்தி துணி தைக்கிறா, நீ ஊசியில நூல் கோத்துக் குடுக்கற. இதுக்குப் பேரு வைத்தியமா?”

“அவங்க கதையை உங்ககிட்ட சொல்ல மாட்டேன். உங்க கதையை அவங்ககிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா எல்லா நட்டுக்கும் ஒரே ஸ்பானரா போடறீங்க?”

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல” என்றவர், மூலையில் கிடந்த ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

அது அவருடைய மனைவியின் ஸ்டூல். அவர் வண்டியைப் பிரிக்கும்போது அவள் அதில் உட்கார்ந்துதான் ஊர்க்கதை பேசுவாள். முதல் வாரம் தெரியாமல் இவள் அதில் உட்காரப் போக, “எந்திரி!” என்று கடை அதிரக் கத்தியவர் அவர்.

ஆலோசகர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளிச்சம் போதவில்லை, போதவில்லை என்று அவள் முணுமுணுத்தே ஷட்டர் வாரம் ஒரு முழம் ஏறி, இன்று முழுசாக மேலே இருந்தது. வாசலில் வேறு இரண்டு பேருடைய வண்டிகளும் ரிப்பேருக்கு நின்றன.

“ஐயா, இனிமே மறைக்கக் கூடாது. முதல் வாரம் வண்டி தானா நிக்கல. உங்களைக் கடை தொறக்க வைக்கணும்னு நான்தான் ப்ளக் வயரைப் பிடுங்கி விட்டேன்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“தானா கழண்ட வயர்ல நெயில் பாலிஷ் ஒட்டியிருக்காது.”

அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். “மன்னிச்சிடுங்க. ஆனா அந்த ஒரு தடவைதான். அதுக்கப்புறம் நின்னது எதுக்கும் நான் பொறுப்பில்ல. சத்தியமா.”

“பழைய வண்டி. அப்படித்தான் இருக்கும்” என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

“அதான் ஐயா, இதைத் தள்ளிவிட்டுட்டுப் புதுசா ஒண்ணு எடுக்கப் போறேன். உங்களுக்கும் தொந்தரவு மிச்சம்.”

ஸ்பானர் நின்றது. மெக்கானிக் கைகளைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

“விக்காதே. இனிமே நிக்காது.”

“எப்படிச் சொல்றீங்க?”

“சொல்றேன்ல, நிக்காது.” தொண்டையைச் செருமினார். “வியாழக்கிழமை உன் ரூமுல எடம் இருக்கா? நானே வரேன். அவளைப் பத்திக் கொஞ்சம் பேசணும்.”

“வாங்க ஐயா” என்றாள். “அந்த மெத்தை நாற்காலி பரவாயில்லையா?” என்று கேட்டாள்.

“அதுல மனுஷன் உக்காருவானா? இந்த ஸ்டூலைத் தூக்கிக்கிட்டு வரேன்.”

அவள் சிரித்துக்கொண்டே கை கழுவ உள்ளே போனாள்.

அவள் போய்விட்டதைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, மெக்கானிக் ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கினார். வாரா வாரம் பேட்டரி நட்டில் வேண்டுமென்றே முறுக்காமல் விட்டு அனுப்பும் அந்தக் கடைசி அரைச் சுற்றை, இன்று பல்லைக் கடித்துக்கொண்டு இறுக முறுக்கினார்.