ஓடாத வைப்பர்

"இந்த டப்பாவுக்கு ஒரு சாவு வராதா?"

மாடி ஜன்னலிலிருந்து ஃப்ளோரன்ஸின் குரல் வந்து விழுந்தது. கீழே, ராயபுரம் சந்தில், பழைய காரின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த கணவர் ஸ்டானிஸ்லாஸ் நிமிரவில்லை. நிமிர்ந்தால் இன்னும் ரெண்டு விழும் என்பது கல்யாணமான புதிதிலேயே தெரிந்துகொண்ட பாடம்.

"இன்னா மாமு, மொத பூசை மணி அட்ச்சிட்டாங்களா?" என்றார் பக்கத்தில் நின்ற எபினேசர். ஹார்பரில் கூட வேலை பார்த்த தோஸ்து.

"நாளையோட ஓயும்டா. வைப்பர் ஓடுனா போதும். காரு போயிடும்."

அப்பா வாங்கிய கார். கடல் காற்றில் பெயிண்ட் உரிந்து, சந்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஃப்ளோரன்ஸ் அதைத் திட்டாமல் விடிந்த நாளே இல்லை. இத்தனை காலம் பொறுத்தாளே, இனிமேலாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று ஸ்டானிஸ்லாஸ்தான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு விற்க முடிவு செய்தார்.

அவர் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "பீடை ஒழியட்டும்" என்றாள். தண்ணீரை மட்டும் மாற்றி மாற்றிக் கொட்டிக்கொண்டே இருந்தாள்.

அண்ணா நகரிலிருந்து வாங்க வந்தவருக்குக் கார் பிடித்துவிட்டது. வைப்பர்தான் அசையவில்லை. போன மழைக்குக்கூட ஓடிய வைப்பர்.

"பழைய கார் ஷோவுக்குக் கொண்டு போற வண்டி சார். எல்லாம் ஒரிஜினலா ஓடணும். சனிக்கிழமை வரேன், சரி பண்ணி வைங்க" என்று போய்விட்டார்.

இந்தக் காரில் வைப்பருக்குக் கரண்ட் கிடையாது. என்ஜின் காற்றை உறிஞ்சுகிற இழுப்பில், ஒரு ரப்பர் குழாய் வழியாக ஓடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் படுத்துக்கொள்ளும். காலை எடுத்தால் பறக்கும்.

மகன் நோயல் பிறந்த அன்றைக்குக் கொட்டோ கொட்டென்று மழை. ஆஸ்பத்திரிக்கு அவசரமாக மிதிக்க மிதிக்க, வைப்பர் நின்றே போனது. முன் சீட்டிலிருந்த ஃப்ளோரன்ஸ் இடுப்பு வலியோடு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். துடைப்புக்கு ஒரு திட்டு. காரை வாங்கிய மாமனாருக்கு ஒன்று, ஓட்டுகிற புருஷனுக்கு ஒன்று.

நினைத்ததும் ஸ்டானிஸ்லாஸுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

"இன்னாத்துக்கு இளிப்பு?" மேலேயிருந்து உடனே வந்தது. "செவ்வாக்கெழம தவறாம அந்தோணியார் கோயில்ல நீல மெழுகுவத்தி ஏத்துறேன், இந்த சனியன் ஒழியணும்னு. மிச்சத்த வூட்டுக்குக் கொண்டாந்து மாதா படத்துக்கும் வெக்கிறேன். நீங்க இன்னாடான்னா ஒரு வைப்பர ஓட்ட முடியாம இளிச்சிகினு கீறீங்க."

"அந்தோணியாரே பேஜாராயிருப்பாரு மாமு" என்று முணுமுணுத்தார் எபினேசர்.

ஸ்டானிஸ்லாஸ் என்ஜினை ஓடவிட்டு, குழாயை என்ஜின் பக்கம் கழற்றி, அது இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார். விரலை உறிஞ்சிப் பிடித்தது. இழுப்பு சரி. கண்ணாடிக்குக் கீழே வைப்பர் மோட்டாரில் வேறொரு துண்டுக் குழாயைச் செருகி, வாயால் உறிஞ்சினார். வைப்பர் ஒரு துள்ளு துள்ளியது.

"ஓடுது மாமு. மழ வந்தா இப்டியே ஒக்காந்து உறிஞ்சிகினே போ."

மோட்டாரும் சரி. அப்படியானால் நடுவில் இருக்கும் குழாய்தான்.

"டீ வாங்கியாறேன்" என்று எபினேசர் நகர்ந்தார். ஸ்டானிஸ்லாஸ் என்ஜினை அணைத்து, குழாயை முழுசாக உருவி, ஒற்றைக் கண்ணால் வெளிச்சத்தில் பார்த்தார். ஒரே இருட்டு. மோட்டார் பக்க முனையில் கம்பியை விட்டு நோண்டினார்.

உள்ளங்கையில் வந்து விழுந்தது ஒரு துண்டு நீல மெழுகு. நடுவில் கருகிய திரி.

அண்ணாந்து மாடி ஜன்னலைப் பார்த்தார்.

"இன்னாங்க, கெடச்சிதா?"

"இல்ல ஃப்ளோரி. ஒண்ணும் புரியல. நாளைக்கு வர்ற ஆள வேணாம்னு சொல்லிட்றேன்."

ஃப்ளோரன்ஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வானத்தைப் பார்த்தாள். அப்புறம் வந்தது திட்டு.

"உங்களுக்கு எதுதான் புரிஞ்சிது? இன்னும் எவ்ளோ காலம் இந்தத் தரித்திரத்தோட மாரடிக்கணுமோ. மழ வர்ற மாதிரி கீது. நனைய வுடாம தார்ப்பாய எடுத்து மூடுங்க."

"தோ, மூடுறேன்" என்ற ஸ்டானிஸ்லாஸ், மெழுகை விரலால் பதமாக உருட்டி, இருந்த இடத்திலேயே பத்திரமாகத் திணித்து வைத்தார்.