தூக்கிவிட ஒரு ரெசிஸ்டர்

மோட்டார் ஓடவில்லை.

சடங்குப்படி மண்ணுக்குச் சிச்சா என்னும் சோளக் கள் ஊற்றியாகிவிட்டது. காகிதப் பூவும் தூவியாகிவிட்டது. கோச்சபாம்பா நகருக்குத் தெற்கே எதிரெதிராக நிற்கும் எங்கள் இரண்டு குன்றுகளும் பள்ளத்துக் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தன. அது கம்மென்று கிடந்தது.

"அந்தப் பக்கத்து ஆளுங்கதான் மோட்டாரைப் பிடிச்சு வச்சிருக்காங்க, காசில்டா. உன் தம்பி கைவரிசையாத்தான் இருக்கும்," என்றாள் எலோடியா அக்கா.

போன வருடம் தண்ணீருக்காகக் கல்லெறிந்து மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நாங்கள். அதனால் குன்றுக்கு ஒரு தொட்டி, தொட்டிக்கு ஒரு பெட்டி, நடுவே ஒரே சிக்னல் கம்பி. எந்தப் பக்கமும் மோட்டாரை நிறுத்தலாம், எந்தப் பக்கமும் தனியாக ஓட்டக் கூடாது என்று கூட்டத்தில் முடிவானது. இந்தப் பக்கத்துப் பெட்டி என் வேலை, அந்தப் பக்கத்துப் பெட்டி தம்பியின் வேலை.

அதற்குத் தோதாகத்தான் ஓபன் டிரெயின் கம்பாரேட்டர் என்ற ஐசியை எடுத்தேன். தொட்டி நிறைந்தால் அது கம்பியின் வோல்டேஜைக் கீழே, பூஜ்ஜியத்துக்கு இழுத்துப் பிடிக்கும், மோட்டார் நிற்கும். தொட்டி காலியானால் விட்டுவிடும்; இரண்டு பக்கமும் விட்டு வோல்டேஜ் மேலே ஏறினால் மோட்டார் ஓடும்.

இன்று ஓடாவிட்டால் கூட்டு கலைந்துவிடும். பழையபடி லாரித் தண்ணீர்தான்.

கம்பியில் மீட்டரை வைத்தேன். யாராவது இழுத்துப் பிடித்திருந்தால் பூஜ்ஜியம் அசையாமல் நிற்கும். இந்த எண்களோ குடித்தவனைப் போலத் தள்ளாடின.

தம்பி இழுத்துப் பிடிக்கவில்லை. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மறுநொடியே முகம் சுட்டது. இந்த ஐசிக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தூக்கிவிடத் தெரியாது. கம்பியை மேலே தூக்க பாட்டரியிலிருந்து தனியாக ஒரு ரெசிஸ்டர் வைக்க வேண்டும். எந்தப் பெட்டியில் வைத்தாலும் சரி, ஒன்று போதும்.

அவன் வைப்பான் என்று நான் விட்டிருந்தேன். நான் வைப்பேன் என்று அவன் விட்டிருக்கிறான்.

பேசியிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் கல்லெறி நடந்த அன்று அவன் தன் மனைவி வீட்டுக் குன்றோடு நின்றான். அதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. சர்க்யூட் படம்கூட அடுத்தவர் கையில்தான் போய்வந்தது.

எதிரே, அவர்கள் தொட்டியருகே, தம்பி நிக்கனோரின் மஞ்சள் தொப்பி பெட்டிக்குள் குனிந்திருந்தது.

"யாரும் பிடிக்கல அக்கா. தூக்கிவிடத்தான் ஆளில்ல," என்றேன்.

டப்பாவைத் துழாவி ஒரு ரெசிஸ்டரை எடுத்துக்கொண்டேன். சால்டரிங் அயர்ன் சூடாகக் காத்திருந்தேன்.

பள்ளத்தில் மோட்டார் உறுமியது. குழாய் செருமியது, காற்றைத் துப்பியது. பிறகு தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இரண்டு குன்றிலும் ஒரே கூச்சல்.

எலோடியா அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அவனுங்க என்ன பண்ணினாலும் உன்கிட்ட பலிக்குமாடி?"

நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். நான் இன்னும் வைக்காத ரெசிஸ்டர் அதில்தான் இருந்தது.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அவளும் எதிர்க் குன்றைப் பார்த்தாள்.

மஞ்சள் தொப்பி நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒன்று போதும்தான். இருந்தாலும் என்னுடையதையும் வைத்துப் பற்றவைத்தேன்.