வெள்ளித் தாயத்து

இடித்துத் தள்ளிய வீட்டுமனையில் தெருவே குப்பை கொட்டியிருந்தது. இருதயராஜின் உலோகம் தேடும் கருவி ஆணிக்கும் கத்தியது, சோடா மூடிக்கும் கத்தியது. இறந்துபோன தன் மகனுக்குக் குழந்தைப் பருவத்தில் இடுப்பில் கட்டிய தாயத்தைத் தேடித்தரச் சொல்லி, செங்கமலம்தான் அவனை அழைத்துவந்திருந்தாள். வெயில் ஏறியபின் சாம்பலுக்கடியில் அது அகப்பட்டது.

"வெள்ளிதான்க்கா. நசுங்கக்கூட இல்ல."

அவள் பல்லால் மூடியைக் கடித்துத் திறந்தாள். உள்ளேயிருந்த காய்ந்த தொப்புள்கொடியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெறும் தாயத்தை அவன் கையில் திணித்தாள்.

"நீ நல்லாருக்கணும் சாமி. இத நீயே வச்சுக்க."

என்ன தோன்றியதோ, கொடியைப் பொத்தி மூடிய அவள் கைமேல் ஒருமுறை கருவியை நீட்டினான். ஆணிக்கெல்லாம் கத்திய கருவி, வாய் திறக்கவில்லை.