குசினிச் சத்தம்

“யௌ மௌ காவ் ச்சோ ஆ!”

குசினிக்குள் இருந்து வந்த கத்தலில் பரிமாறுகிற பெண்ணே ஒரு கணம் நின்றுவிட்டாள்.

“சண்டை பிடிக்கினமோ மாமா?” என்று கேட்டாள் வருங்கால மருமகள் றெபேக்கா.

“கன்டொனீஸ் எனக்கெப்பிடிப் பிள்ளை தெரியும்?” என்றார் பேனாட், முதுகு வளையாமல்.

தெரியும். ‘என்ன கோதாரி வேலை இது!’ என்று ஏசுகிறார் தலைமைச் சமையற்காரர் லாம். அந்த ஏச்சைப் பத்து வருசம், சுடுதண்ணியில் கை அவிய அவிய, வாங்கியவர் பேனாட். மகன் றொக்சனுக்குக்கூட அது தெரியாது. அப்பா கந்தோரில் எழுத்து வேலை பார்த்தவர் என்பதுதான் வீட்டுக் கதை.

கலியாண நாள் குறிக்க, பிள்ளைகள் இந்தச் சைனா டவுன் கடையையே பிடித்தார்கள். “தள்ளி லவாலிலை ஒரு கடையிலை வைப்பம்” என்று றெபேக்காவின் தகப்பன், சம்பந்தி யோசெப்பும் சொல்லிப் பார்த்தவர். எடுபடவில்லை.

“கோப்பை கழுவுற கூட்டம் இப்பிடித்தான் கத்தும்,” என்றார் யோசெப், சாப்பாட்டு அட்டையை முகத்துக்கு நேரே பிடித்தபடி. வந்ததிலிருந்து அதை இறக்கவேயில்லை. என்ன மிதப்பு! “எங்கட குடும்பத்திலை ஒருத்தரும் அந்த வேலைக்குப் போகேல்லை. அதுதான் விசாரிச்சுச் சம்பந்தம் செய்யிறம்.”

“எங்கடையிலயும் இல்லை,” என்றார் பேனாட்.

குசினிக் கதவு படாரென்று திறந்தது. கரண்டியும் கையுமாக லாம். தலை நரைத்திருந்தது; குரல் மட்டும் அதேதான்.

“நேய் சேய் ச்சோ ஹொய் பின் ஆ!”

எங்கே செத்துத் துலைந்தாய் என்கிற ஏச்சு. நேரே இந்த மேசைக்குத்தான் வருகிறார்.

“அப்பா, உங்களையோ ஏசுறார்?” றொக்சன் பாய்ந்து எழும்பினான். “நான் கேக்கிறன்!”

“இரடா.” பேனாட்டும் எழுந்தார். “அவரிலை பிழையில்லை. எண்பத்தெட்டிலையிருந்து பத்து வருசம் இந்தக் குசினியிலைதான் நான் கோப்பை கழுவினனான். சம்பந்தம் வேண்டாமெண்டால் இப்பவே சொல்லுங்கோ யோசெப்.”



லாம் பேனாட்டைத் தாண்டிப் போய், யோசெப்பின் முகத்துக்கு முன்னால் இருந்த அட்டையைப் பறித்தார்.

“நேய் ஹோ ஃபான் ஆ!” உன்னோடை பெரிய தொல்லை, அரியண்டம் என்று அச்சொட்டான கன்டொனீஸில் சீறிய யோசெப், பேனாட்டை நிமிர்ந்து பாராமலே சொன்னார்: “இருங்கோ அண்ணை. நீங்கள் விட்டிட்டுப் போன சிங்கிலைதான் நான் பன்னிரண்டு வருசம் கோப்பை கழுவி நிண்டனான்.”