ஒரே க்ளிக்ல சுத்தம்

"என் தம்பி எழுதினதெல்லாம் போயிடுச்சு, ட்ரெவர்"னு ஐலா ஃபோனை நீட்டினப்போ, நான் அவங்க காருக்குப் பனிக்கால டயர் மாட்டிட்டிருந்தேன்.

கையெல்லாம் கிரீஸ். எட்டித்தான் பார்த்தேன். அவங்க சமையல் பிளாக். ஏரி மீன் சூப் பதிவு. அடியில 'கமெண்ட்: 0'ன்னு இருந்துச்சு.

அங்க எப்பவும் ஒரு கமெண்ட் இருக்கும். 'உப்பு பத்தாது அக்கா.' வான்கூவர்ல இருந்த அவங்க தம்பி ரெய்னோ எழுதறது. பதினோரு வருஷமா ஐலா எதைச் சமைச்சுப் போட்டாலும், ஒரு வாய் ருசி பார்க்காமலே அதைத்தான் எழுதுவார். கேக்குக்குக்கூட. போன வருஷம் மாரடைப்புல போயிட்டார்.

"என்ன பண்ணீங்க?"

"நீ எழுதியிருந்தியே, அந்த ஸ்வீப்லி. அதைப் போட்டேன்."

புதுசா வந்தவங்களுக்கு மட்டும் சொல்லிடறேன். தண்டர் பேங்கற ஊர்ல ஒரு டயர் கடையில வேலை பார்த்துக்கிட்டே, பிளாக் எழுதறவங்களுக்காக இந்த பிளாக்கை எழுதறேன். புது டூல் எது வந்தாலும் முதல் ஆளா சொல்லிடணும், அதான் என் வெறி. போன வியாழக்கிழமை ஸ்வீப்லி வந்துச்சு. ஸ்பேம் கமெண்ட்டைத் தானாவே கண்டுபிடிச்சுத் துடைச்சிடும், இலவசம். 'ஒரே க்ளிக்ல சுத்தம்'னு தலைப்பு வச்சு அன்னிக்கே போட்டுட்டேன். அப்புறம் டயர் சீசன் ஆரம்பிச்சிடுச்சு. பிளாக் பக்கமே வரலை.

"ஐலா, துடைச்சதெல்லாம் குப்பைத்தொட்டியில இருக்கும். முப்பது நாள் கழிச்சுத்தான் போகும். தெளிவா எழுதியிருந்தேனே."

"தொட்டியைப் பார்த்தேன்ப்பா. காலி."

"பேக்கப் எடுத்தீங்களா?"

"அது தேவையே இல்லைன்னு நீதானே எழுதியிருந்த."

"வேற எதையாவது அமுக்கியிருப்பீங்க."

"இருந்ததே ஒரு பட்டன்தான்."

"என் பிளாக்ல ஒரு பிரச்சினையும் இல்லையே. அருமையா ஓடுது."

ஐலா ஃபோனைப் பைக்குள்ள வச்சாங்க.

"அப்ப நான்தான் ஏதோ மாத்தி அமுக்கிட்டேன் போல. வயசாயிடுச்சு பாரு. விடுப்பா, நீ வேலையைப் பாரு."

கார் வெளியே போனதும் முதலாளி மார்வின் வந்தார். "என்னவாம் அந்த அம்மாவுக்கு?"

"படிக்காம பட்டனை அமுக்கிடறாங்க. அப்புறம் நம்ம சட்டையைப் பிடிக்கறாங்க."

"எங்க மாமியார் கையில டிவி ரிமோட் கிடைச்ச மாதிரின்னு சொல்லு."

ரெண்டு பேரும் சிரிச்சோம்.

மத்தியானம் ஒரு கையில சாண்ட்விச்சோட ஸ்வீப்லியோட உதவிப் பக்கத்தைத் திறந்தேன். அவங்க எதை அமுக்கினாங்கன்னு கண்டுபிடிச்சுச் சொல்லிடலாம்னுதான்.

மூணாவது வரியிலயே இருந்துச்சு. கமெண்ட் போட்ட ஒவ்வொருத்தரோட மெயில் முகவரியையும் அது சோதிக்குமாம். மெயில் போய்ச் சேராத முகவரின்னா போலி ஆள்னு முடிவு பண்ணி, தொட்டிக்குக்கூட அனுப்பாம அடியோட அழிச்சிடுமாம்.

ரெய்னோவோட மெயில் கணக்கை அவர் பொண்ணு கோடையிலயே மூடிட்டா. ஐலா அதைப் பத்தி ஒரு பதிவே எழுதியிருந்தாங்க. நான் அதுக்கு லைக்கூடப் போட்டிருந்தேன்.

சாண்ட்விச்சை அப்படியே வச்சிட்டேன். கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். நாலே நிமிஷத்துல பதில். 'வருந்துகிறோம். அழிந்ததை மீட்க வழியில்லை.'

என் பதிவையாவது தூக்கிடலாம்னு போனேன். அடியில பதினாலு கமெண்ட்.

முதல்ல, நேத்து சாயங்காலம் ஐலா போட்டது. 'இதைப் போட்டதும் பழைய கமெண்ட்டெல்லாம் காணோம். வேற யாருக்காவது இப்படி ஆச்சா?' அதுக்குக் கீழே மூணு பேர், 'ஐயோ, அப்ப நான் போடலை'ன்னு எழுதியிருந்தாங்க. அதுல ஒருத்தர் என்னை நல்லாவே திட்டியிருந்தார்.

அதுக்கு அடுத்தது, இன்னிக்குக் காலையில பத்தே முக்காலுக்குப் போட்டது. எங்க கடை வாசல்ல காரை நிறுத்தி வச்சுத்தான் எழுதியிருக்கணும்.

'டூல் மேல தப்பு இல்ல. நான்தான் ஏதோ மாத்தி அமுக்கிட்டேன். நீங்க தயங்காம போடுங்க. ட்ரெவரைத் திட்டாதீங்க, நல்ல பையன். தன் பிளாக்ல போட்டுப் பார்க்காம எதையும் நமக்குச் சொல்லவே மாட்டான்.'

அதுக்குக் கீழே வரிசையா ஒன்பது பேர். 'அப்படியா ஐலா? நீங்க சொன்னா சரி. இப்பவே போடறேன்.'

நான் போட்டுப் பார்க்கலைங்க.

கம்பெனி அனுப்பின அறிவிப்பை, வேற எவனும் முந்திடக் கூடாதுன்னு, ரெண்டு காருக்கு நடுவுல பத்து நிமிஷத்துல என் பாஷையில மாத்தி எழுதினேன். முப்பது நாள் தொட்டியில இருக்கும்னு அவங்கதான் அதுல சொல்லியிருந்தாங்க. பேக்கப் வேண்டாம்ங்கறது நானே சேர்த்த வரி. என் பிளாக்ல ஸ்வீப்லி இன்னிக்கு வரைக்கும் கிடையாது.

ஐலாவுக்கு ஃபோன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். மன்னிச்சிடுங்கன்னு ஆரம்பிச்சேன், முடிக்க விடலை.

"என்கிட்ட அப்புறம் பேசு. என்னை நம்பி அந்த ஒன்பது பேர் இப்ப பட்டனை அமுக்கிட்டிருப்பாங்க. முதல்ல அவங்களை நிறுத்து."

கடை வாசல்ல மூணு கார் நிக்குது, மார்வின் கத்தறார். இருந்தாலும் இதைப் போட்டுட்டுத்தான் எழுந்திரிப்பேன். ஸ்வீப்லியைத் தொடாதீங்க.

ஏற்கெனவே அமுக்கிட்டீங்களா? உங்களுக்கு யார் எழுதினது போச்சு?